காருக்கு ஒரு கைகாட்டி

ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் பழைய சிக்னல் மரத்துக்கு நம் ஊரில் கைகாட்டி என்று பெயர். அதே கைகாட்டியைச் சின்னதாகச் செய்து, காரின் இரண்டு பக்கமும் ஒளித்து வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? நிஜம்தான் நண்பர்களே. இன்றைய மினுக்கும் இண்டிகேட்டர் வருவதற்கு முன், ஐரோப்பியச் சாலைகளில் திசை காட்டியது அந்தக் கைதான். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு அது இன்று கொடுக்கும் தலைவலி தனிக்கதை.

ஆரம்பத்தில் எல்லாம் மனிதக் கைதான். ஓட்டுபவர் கையை வெளியே நீட்டுவார், பின்னால் வருபவர் புரிந்துகொள்வார். கார்களுக்குக் கூரையும் கண்ணாடி ஜன்னலும் வந்த பிறகு, மழையிலும் குளிரிலும் ஜன்னலை இறக்குவது பெரிய தொல்லையாகிவிட்டது. இருட்டில் நீட்டினால் கையே தெரியாது. 1914ல் ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் என்ற மௌனப்பட நடிகை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பொத்தானை அழுத்தினால் காரின் பின்பக்கம் ஒரு கை எழும்பித் திசை காட்டும். ஆனால் அவர் காப்புரிமை வாங்கவில்லை.

1930களில் ஐரோப்பாவில் மின்சாரக் கைகாட்டி பரவலானது. பிரிட்டனில் அதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர், ஜெர்மனியில் விங்கர். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலோ, கதவை ஒட்டியோ ஒரு சின்னப் பள்ளத்தில் அது படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் செம்புக் கம்பிச் சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். உடனே கை வெளியே எழும்பும், அதற்குள் ஒரு சின்ன பல்பு எரியும். மோரிஸ் மைனரில் 1961 வரையிலும், ஐரோப்பாவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960 வரையிலும் இது இருந்தது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1939ல் ப்யூக் கார்களில் பின்பக்கம் மினுக்கும் விளக்கு வந்தது. மறு வருடமே முன்பக்கமும் வந்தது, திருப்பம் முடிந்ததும் தானாக அணையும் வசதியும் சேர்ந்தது. மினுக்குவதற்கு அன்று கணினியா இருந்தது? :-) ஃபிளாஷர் என்ற சின்ன டப்பாவுக்குள் சூடானால் வளையும் ஓர் உலோகப் பட்டை. மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் திரும்பவும் இணைக்கும். 'டிக், டிக்' சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

கை எழும்பியதா என்று ஓட்டுபவர் கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பின்னால் இருக்கும் விளக்கை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் டாஷ்போர்டில் ஒரு குட்டி விளக்கு. ஒரு பல்பு போய்விட்டால் மின்னோட்டம் குறைந்து, ஃபிளாஷரின் தாளமே மாறிவிடும், அல்லது நின்றுவிடும். அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் குட்டி விளக்குதான்.

சரி, புதுப்பிக்கும் விஷயத்துக்கு வருவோம். கைகாட்டி எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது பல்புக்குப் போகும் மெல்லிய ஒயர் மடங்கி மடங்கி கீல் பக்கத்தில் அறுந்திருக்கும். சுத்தம் செய்து ஒரு சொட்டு லேசான எண்ணெய் விட்டாலே பல கைகள் உயிர் பெறும். மினுக்கும் விளக்கில் முதல் எதிரி துரு. பல்பு ஹோல்டர் துருப்பிடித்து எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால், மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகும். இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து துடிக்கும்!

எல்.இ.டி. மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். 12 வோல்ட் காரில் 21 வாட் பல்பு ஒவ்வொன்றும் 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சூட்டை நம்பித்தான் பழைய ஃபிளாஷர் வேலை செய்கிறது. எல்.இ.டி. அவ்வளவு இழுக்காது, பட்டை சூடாகாது, மினுக்கலும் இல்லை. ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும். சில கார்களில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து டாஷ்போர்டில் ஒரே விளக்குதான். அதன் ஒரு முனை இடப்பக்க இணைப்பில், மறுமுனை வலப்பக்க இணைப்பில். எந்தப் பக்கம் மினுக்குகிறதோ அங்கிருந்து மின்சாரம் வந்து, மறுபக்கத்தில் அணைந்திருக்கும் பல்புகள் வழியாக எர்த் ஆகும். எல்.இ.டி.யில் மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். அங்கே அதை மாட்டினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் எரிந்து, மறுபக்கத்துக்கு மௌனம் சாதிக்கும்.

இதெல்லாம் மெக்கானிக் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். அவர் கையில் இல்லாத பிரச்சினை ஒன்று இருக்கிறது. கைகாட்டி பழுதில்லாமல் எழும்பி, அதன் விளக்கும் எரிகிறது என்று வையுங்கள். பின்னால் வரும் இருபது வயது ஓட்டுநருக்கு அது என்னவென்றே தெரியாது! அவர் கண் தேடுவது காரின் மூலையில் மினுக்கும் மஞ்சள் விளக்கை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியை அல்ல. பழைய கார்களில் கைகாட்டியை அப்படியே வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் அங்கே பலர் அதோடு மினுக்கும் விளக்கையும் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் முன்பக்க, பின்பக்கச் சிறு விளக்குகளுக்குள்ளேயே அதை ஒளித்துவிடுகிறார்கள்.

'ஒரிஜினல் கெட்டுவிட்டது' என்று இதற்கு முகம் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் என்றால் அவர்கள் கட்சிதான் நானும். ஆனால் சாலையில் ஓடும் காரில் இருக்கும் சைகை, அடுத்தவருக்குப் புரிந்தால்தான் சைகை. அதைச் செய்தவர்கள் விரும்பியதும் அதைத்தானே? ஆகவே கைகாட்டியும் எழும்பட்டும், கூடவே விளக்கும் மினுக்கட்டும்.

உங்கள் தாத்தாவின் கார் உங்கள் கைக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?