வீராங்கனையும் உணவுக் கணக்கும்

நெடுந்தூரம் ஓடும் பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றுவிடுவதை மருத்துவ உலகம் வெகுநாளாகவே அறிந்திருந்தது. கடும் பயிற்சியின் அயர்ச்சியே காரணம் என்று கருதியோர் பலர். அதனை உழைப்பின் அடையாளமாக மெச்சிய பயிற்சியாளரும் உண்டு. 1992-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் கூடி, உண்ணும் முறைக் கோளாறு, மாதவிலக்கு நிற்றல், எலும்பு நலிவு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்புடைய பிணிகளாக வகுத்தனர்.

ஆனால் வேர் எது? பயிற்சியா, பட்டினியா? ஆன் லௌக்ஸ் என்னும் அம்மையார் இதனைச் சோதித்தறிந்தார். பயிற்சியில் செலவான சக்தியை உணவால் ஈடுசெய்த பெண்களிடம் ஹார்மோன் சுரக்கும் தாளம் பெரிதும் குலையவில்லை, ஈடுசெய்யாதவரிடமே குலைந்தது. 2003-ல் வெளியான ஆய்வில் ஓர் எல்லையும் புலப்பட்டது. பயிற்சிச் செலவு போக எஞ்சும் உணவு, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கினால், ஐந்தே நாளில் தாளம் தடுமாறுகிறது. நேயர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வெடை 40 கிலோ உள்ள பெண் 600 கலோரி செலவழித்து ஓடினால், 1800 கலோரி உண்டும் அவ்வெல்லையிலேயே நிற்கிறாள். பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல சாப்பாடுதான்!

2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு ஆடவரையும் இக்குறைபாட்டில் சேர்த்தது. ஒரே இரத்தச் சோதனையால் இதனைத் தெளிய இயலாது. உடல் எடை மாறாமலும் இருக்கலாம். மாதவிலக்கு, எலும்பு விரிசல், உணவு ஆகியன பற்றிப் பொறுமையாக வினவி, பிற நோய்களை விலக்கியே முடிவு காண வேண்டும். கருத்தடை மாத்திரை தந்து உதிரப்போக்கை வரவழைப்பது குறையை மூடிவைப்பதேயாகும். உணவைக் கூட்டிப் பயிற்சியைக் குறைத்தால், மாதவிலக்கு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். எலும்பு தேறுவதற்கோ ஆண்டுகள் செல்லும்.