தம்பேதன்னைத் தேயிலையும் கடலோடிய வணிகரும்

அப்புத்தளைக்கு அணித்தே, தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே, 'லிப்டன் சீட்' என வழங்கும் உச்சியொன்று உண்டு. தோமஸ் லிப்டன் அங்கிருந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. மளிகைக் கடையில் தொடங்கிக் கடல்வரை சென்ற அவ்வணிகரின் வரலாறு நம் மலையகத்தோடு பிணைந்தது.

அவர் 1848இல் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய பெற்றோருக்குப் பிறந்தார். இளமையிலேயே தனியராய் அமெரிக்கா சென்று, வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் வயலிலும், பின்பு நியூயோர்க் பேரங்காடி ஒன்றின் மளிகைப் பகுதியிலும் உழைத்தார். பண்டங்களைக் கண்கவர அடுக்குதல், விளம்பரம், வாடிக்கையாளரிடம் இன்சொல் ஆகிய அமெரிக்க வணிக முறைகளை அங்கே கற்றார். அவற்றையே முதலாகக் கொண்டு 1871இல் கிளாஸ்கோவில் தம் முதற் கடையைத் திறந்தார். விரைவிற் கடைகள் பல்கின.

இலங்கையிலோ, 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துவந்தது. அதன் இடத்தைத் தேயிலை கைப்பற்றியது. 1890இல் இங்கு வந்த லிப்டன், தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விலக்கி, தம் தோட்டத்துத் தேயிலையைப் பொட்டலமாகக் கட்டித் தம் கடைகளிலேயே குறைந்த விலைக்கு விற்றார். செல்வர் அருந்திய பானம் தொழிலாளர் இல்லங்களிலும் பரவலாயிற்று.

பொருள் குவிந்தபின் அவர் உள்ளம் கடலை நாடியது. 'ஷாம்ரொக்' என்னும் பெயருடைய பாய்க்கப்பல்களைக் கட்டி, 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணத்துக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். எனினும் தோல்வியை இன்முகத்தோடு ஏற்ற அவரை அமெரிக்க மக்கள் போற்றி, பொதுநிதி திரட்டிப் பொற்கிண்ணம் அளித்தனர்.

முதல் உலகப் போரில் அவருடைய 'எரின்' என்னும் நீராவிக் கப்பல், நோயால் வாடிய சேர்பியாவுக்குச் செல்லும் மருத்துவரையும் தாதியரையும் ஏற்றிச் சென்றது. பின்னர் பிரித்தானியக் கடற்படை அதனை ஏற்று, 'எகூசா' எனப் பெயரிட்டது. 1916இல் மால்ற்றாவுக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கி அது மூழ்கியது. லிப்டன் கடற்படைப் பதவி எதையும் வகித்தவரல்லர். ஆயினும் வணிகத்தில் ஈட்டிய பொருள் போர்க்கடலிலும் பணிபுரிந்தது.

அப்பொருளின் ஊற்று எது? தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக வந்து, கடன் சுமந்து, லயக் காம்பிராக்களில் வாழ்ந்து, பனியிலும் மழையிலும் கொழுந்து கொய்த மக்களின் உழைப்பும் அவ்வூற்றே அன்றோ? 1931இல் மறைந்த லிப்டன், தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தாம் பிறந்த கிளாஸ்கோ நகரின் நலனுக்கே எழுதிவைத்தார். கொழுந்து கொய்தவரின் வழித்தோன்றல்களோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமையற்றவராயினர். எஞ்சியோர்க்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

லிப்டனின் ஊக்கமும் பெருந்தன்மையும் நம் மாணவர் அறியத் தக்கவை. ஆனால் உச்சிப் பாறைக்கு ஒருவர் பெயர் நிலைத்திருக்க, சரிவெங்கும் தேயிலையை வளர்த்தோர் பெயரின்றிப் போயினர். இருவர் வரலாற்றையும் ஒருங்கே கற்பதே முறையாகும்.