ஐந்து வேட்டுகளின் சான்று: கைநிரப்புத் தோட்டாக்களில் வேகச் சீர்மை

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் தீமூட்டும் புதிய பிரைமரையும் எடையிட்ட வெடிமருந்தையும் சேர்த்து, அதன் கழுத்தில் குண்டைப் பொருத்தித் தோட்டாவைக் கையாலேயே உருவாக்கும் அமெரிக்க இலக்குச் சுடுநர்கள், குழல்வாயை விட்டு நீங்கும் குண்டின் வேகம் வேட்டுக்கு வேட்டு எவ்வளவு மாறுகிறது என்பதைக் கொண்டே தம் உழைப்பை மதிப்பிடுகின்றனர். .308 வின்செஸ்டர் தோட்டாவில் நொடிக்கு 2,600 அடி என்னும் வேகம் 10 அடி குறைந்தால், 100 கஜத்தில் குண்டு அரை மில்லிமீட்டர் அளவே தாழும். ஒஹையோவின் கேம்ப் பெரியில் நடப்பது போன்ற 1,000 கஜப் போட்டியிலோ அது ஏறத்தாழ 3 அங்குலம் ஆகிவிடுகிறது. எனவே சீர்மையை நாடுவதில் பிழையில்லை. அது கிட்டிவிட்டதாக நம்புவதற்குக் காட்டப்படும் சான்றே மெலிந்தது.

வழக்கமாக ஐந்து வேட்டுகள் சுடப்பட்டு, சராசரியிலிருந்து வேகங்கள் சிதறும் அளவாகிய திட்ட விலக்கம் கணக்கிடப்படுகிறது. வேகமளக்கும் கருவி 10 அடி என்று காட்டினால், உண்மை மதிப்பு 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் 6-க்கும் 29-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இரண்டு நிரப்பு முறைகளை இவ்வாறு ஐந்தைந்து வேட்டுகளால் ஒப்பிடும்போது, ஒன்றன் விலக்கம் மற்றதைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டினால்தான், 5 விழுக்காட்டுப் பிழையை ஏற்கும் ஒருபக்கச் சோதனையில் வேறுபாடு நிலைபெறும். 12 என்பது 9 ஆனதைக் கண்டு மகிழ்வது தற்செயலைத் திறமையென்று கொள்வதே.

கருவியின் நுட்பமும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. 1742-இல் வெளிவந்த நூலில், பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளரான பெஞ்சமின் ராபின்ஸ், குண்டைத் தொங்கும் மரக்கட்டையில் பாய்ச்சி, கட்டையின் ஊசலை அதனோடு இழுபடும் நாடாவால் அளந்து வேகத்தைக் கணித்தார். இன்றைய ராடார் கருவி அந்த நாடாவைக் காட்டிலும் மிக நுட்பமானது என்றாலும், ஒரு வேட்டை நுட்பமாக அளப்பதால் வேட்டுகளின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை.

செலவும் பெரும்பாலும் தவறான இடத்திலேயே செய்யப்படுகிறது. ஒன்றையொன்று சாராத பிழைகள் நேரடியாகக் கூடுவதில்லை; அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. இத்தகைய தோட்டாவில் 0.1 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் மருந்து, வேகத்தை ஏறத்தாழ 5 அடி மாற்றுகிறது என்று கொள்வோம். தராசு இருபுறமும் 0.1 கிரெய்ன் வரை தவறினாலும், அப்பிழை அவ்வெல்லைக்குள் சீராகப் பரவியிருக்குமாயின், அதனால் விளையும் விலக்கம் 3 அடிக்குள் அடங்கும். மொத்த விலக்கம் 10 எனில், 100-இல் 9 கழிய 91 எஞ்சும். பிழையே அற்ற தராசை வாங்கினாலும் விலக்கம் 9.5 அடிக்குத்தான் இறங்கும். விலை உயர்ந்த தராசுகள் தரும் மனநிறைவு வேறு கணக்கு.

விலக்கத்தின் மிகுதி, பிரைமரின் தீ, கூட்டின் உட்கொள்ளளவு, குண்டைக் கழுத்து பற்றும் இறுக்கம் ஆகியவற்றில் கிடக்கிறது. சுடுவதாலும் மீண்டும் வடிவமைப்பதாலும் பித்தளை கடினப்படுவதால், பதமாகச் சூடாக்கி இளக்காத கழுத்துகளின் பிடி காலப்போக்கில் வேறுபடக்கூடும். சூடேறிய குழலறையில் ஒரு நிமிடம் காத்திருக்கும் தோட்டாவின் மருந்தும் வெப்பமேறி, வேகத்தைக் கூட்டலாம். எந்தத் தராசும் இதைக் காணாது. இவற்றுள் எது எவ்வளவு பங்களிக்கிறது என்பதைப் பிரித்தறிய ஒவ்வொரு நிரப்பு முறைக்கும் 30 வேட்டுகளாவது வேண்டும். அப்போதுங்கூட விலக்கங்களின் விகிதம் 1.36-ஐக் கடந்தால்தான் மேற்சொன்ன சோதனை அதை வேறுபாடாக ஏற்கும். குழல் தேய்கிறதே என்று அத்தனை வேட்டுகளைச் சுடத் தயங்குவோர், ஐந்து வேட்டுகளை நம்பி ஒவ்வொரு முறையும் நிரப்பை மாற்றி மாற்றிச் சுடுவதில் அதே குழலைத்தான் தேய்க்கின்றனர்.