டாட் ஐஓ: இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு தீவு

1/
டாட் இன் நம்ம நாட்டோடது, தெரியும். டாட் எம்டி யாரோடது? பார்த்ததும் எங்க டாக்டர் பட்டம்னுதான் தோணும். கிளினிக் வெப்சைட்டுக்கு அதை விரும்பி வாங்குற டாக்டர்களும் இருக்காங்க. ஆனா அது கிழக்கு ஐரோப்பாவில் இருக்கிற மால்டோவா நாட்டின் எழுத்து. இந்த இரண்டு எழுத்துகளின் வரலாறு கொஞ்சம் பார்க்கலாம், வாங்க.

2/
1980களில் இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தினவர் ஜான் போஸ்டல். எது நாடு, எது நாடு இல்லைன்னு தீர்ப்பு சொல்ற வேலை நமக்கு வேண்டாம்னு, ஏற்கனவே இருந்த ஐஎஸ்ஓ 3166 பட்டியலை எடுத்துக்கிட்டாங்க. அதில் நாடுகளோட சேர்த்து, பிற நாடுகளின் ஆட்சியில் உள்ள தீவுகளுக்கும் எழுத்து உண்டு.

3/
சிலருக்கு அது லாட்டரி ஆச்சு. பசிபிக் கடலில் துவாலு, வெறும் 26 சதுர கிலோமீட்டர். அதுக்குக் கிடைச்சது டிவி! 2000-ல் 12 வருஷத்துக்கு 5 கோடி டாலர்னு ஓர் அமெரிக்க நிறுவனத்தோட ஒப்பந்தம். அந்தப் பணம் கைகொடுக்க, அதே வருஷம் ஐ.நா.வில் 189-வது உறுப்பினர் ஆனாங்க.

4/
கரீபியன் கடலில் அங்குவிலா. சுமார் 16 ஆயிரம் மக்கள். எழுத்து ஏஐ. சாட்ஜிபிடி வந்த பிறகு கேட்கணுமா? 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அப்போது ஆட்சியில் இருந்த பிரீமியர் எல்லிஸ் வெப்ஸ்டரும் ஒரு டாக்டர். 70 வயது தாண்டியவர்களுக்கு இலவச மருத்துவம் தர இந்த வருமானம் உதவியது.

5/
இப்போ டாட் ஐஓ. சாஃப்ட்வேர்காரங்களுக்கு அது இன்புட்-அவுட்புட். உண்மையில் அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி, அதாவது மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுகள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், பிறகு இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே தலைமுறை தலைமுறையா வாழ்ந்தாங்க.

6/
1965-ல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரிச்சு எடுத்தது. டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வரணும், மக்கள் இருக்கக் கூடாது. வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவங்க ஊர் திரும்பக் கேட்டப்போ, இனி உங்களுக்குக் கப்பல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒரு டாக்டரா என்னால் தாண்டிப் போக முடியாத வரி இது. நோயாளியா போனவர் அகதி ஆயிட்டார்.

7/
மிச்சம் இருந்தவங்களுக்கு உணவும் மருந்தும் வர்றதைக் குறைச்சாங்க. வளர்த்த நாய்களைப் புகை போட்டுக் கொன்னாங்க. 1973-க்குள் தீவுகள் காலி. மொரீஷியஸ், செஷல்ஸ் துறைமுகங்களில் இறக்கிவிடப்பட்டவர்கள் 1,500-க்கும் மேல்.

8/
ஆளில்லாத அந்த மண்ணின் பேரில் 1997-ல் டாட் ஐஓ தொடங்கியது. நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். 2017-ல் அது கைமாறிய விலை 7 கோடி டாலர். எங்களுக்கு ஒரு காசு வரலைன்னு சாகோஸ் மக்கள் 2021-ல் முறைப்படி புகாரே கொடுத்தாங்க.

9/
நமக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2021 அக்டோபரில் கனடா நோக்கிக் கிளம்பிய ஈழத்தமிழர்களின் படகு நடுக்கடலில் பழுதாக, அவங்களை டியாகோ கார்சியாவில் கொண்டுபோய் இறக்கினாங்க. வேலிக்குள் கூடாரத்தில் மூணு வருஷம். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவங்க பிரிட்டன் போக முடிஞ்சது. அவங்களை அடைச்சு வச்சது சட்டவிரோதம்னு நீதிமன்றமே சொன்னது.

10/
2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. உடனே டெக் உலகத்தின் கவலை என்ன தெரியுமா? எங்க டாட் ஐஓ என்னாகும்! கவலை நியாயம்தான். யுகோஸ்லாவியா உடைஞ்ச பிறகு, டாட் ஒய்யூ 2010-ல் நீக்கப்பட்டது.

11/
ஆனா ஒண்ணு யோசிங்க. ஒரு முகவரி போயிடுமோன்னு இன்னைக்கு இவ்வளவு பேர் பதறுறாங்க. வீட்டையும் ஊரையும் சேர்த்து முகவரியையே இழந்த அந்த மக்கள் ஐம்பது வருஷத்துக்கும் மேலா கேட்கிறது, திரும்பிப் போற உரிமை. அடுத்த தடவை டாட் ஐஓன்னு பார்த்தா, அவங்க ஞாபகம் வரட்டும்.