முன்னூறு யாருக்கு?

பௌலிங் ஆடப் போன முதல் நாள் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒரே உருட்டுல பத்து பின்னையும் சாய்ச்சாச்சு, கூட வந்தவங்க கை தட்டியாச்சு. மேலே திரையைப் பார்த்தா ஒரு பெருக்கல் குறி மட்டும் நிக்குது. மார்க்கைக் காணோமே!

மெஷின்ல கோளாறு இல்லைங்க. கணக்கே அப்படித்தான்.

ஓர் ஆட்டத்துக்கு 10 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 2 உருட்டு. முதல் உருட்டிலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். அந்தப் பத்தோடு அடுத்த இரண்டு உருட்டில் விழுவதையும் சேர்க்கணும். இரண்டு உருட்டில் பத்தும் விழுந்தால் ஸ்பேர். இதுக்கு அடுத்த ஓர் உருட்டு மட்டும் சேரும். அதனாலதான் அடுத்த உருட்டு முடியும் வரை கட்டம் காலியாகவே இருக்கு.

உதாரணமா, முதல் ஃபிரேமில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் 7, 2 என்று வைங்க. முதல் கட்டத்தில் 10+7+2=19. இரண்டாவது கட்டத்தில் 19+9=28. அந்த 9 பின்னும் இரண்டு முறை எண்ணப்படுது, கவனிச்சீங்களா? பத்தாவது ஃபிரேமில் ஸ்ட்ரைக் அடிச்சா கூடுதலா 2 உருட்டு, ஸ்பேர்னா 1. ஆக, தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் அடிச்சா 300. அதுக்கு மேல போக முடியாது.

இந்த 300 எங்கிருந்து வந்தது?

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வேற வேற விதி. 200-ஐ முழு மதிப்பெண்ணாக வைத்த கணக்கும் புழக்கத்தில் இருந்தது. 1895 செப்டம்பர் 9-ல் நியூயார்க்கில் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தொடங்கினாங்க. பின்களுக்கு நடுவே 12 அங்குலம், முழு மதிப்பெண் 300 என்று நாடு முழுக்க ஒரே விதி வந்தது. 1902-ல் இல்லினாய்ஸைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாஸ்பெர்க் அடிச்சதுதான் அங்கீகாரம் பெற்ற முதல் 300.

'அங்கீகாரம் பெற்ற' என்ற இந்த வார்த்தையிலதான் விஷயமே இருக்கு. சங்கம் ஒத்துக்கிட்ட லீக்கிலோ போட்டியிலோ அடிச்சாத்தான் சங்கத்தோட ஏட்டில் ஏறும். ஆனா அந்தச் சங்கத்தில் சேர வெள்ளை இனத்து ஆணாக இருக்கணும்னு விதியே எழுதி வச்சிருந்தாங்க. கறுப்பரோ ஆசிய வம்சாவளியினரோ எத்தனை ஸ்ட்ரைக் அடிச்சாலும் அந்த ஏட்டில் இடமில்லை.

கறுப்பினத்தவர் சும்மா இருக்கலை. 1939-ல் டெட்ராய்ட்டில் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம் மோட்டார் தொழிலாளர் சங்கம் இந்த விதியை எதிர்த்துப் போராடியது. வழக்குகளும் வந்தன. கடைசியில் 1950-ல் அந்த விதியை எடுத்தாங்க. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியா இருந்த சங்கங்கள் ஒண்ணா இணைய 2005 ஆச்சு.

ஒரு காலத்தில் பென்சிலும் தாளும் வச்சு ஆடுறவங்களே கூட்டினாங்க. இப்ப கம்ப்யூட்டர் பார்த்துக்குது. அடுத்த தடவை போனா ஒரு ஆட்டத்தையாவது தாளில் கூட்டிப் பாருங்க. 10+7+2 யார் அடிச்சாலும் 19 தான். கூட்டலில் எப்பவும் பாகுபாடு இருந்ததில்லை. யார் பேரை எழுதணும்னு மனுஷங்க போட்ட விதியிலதான் இருந்தது.