தலைவனின் இசையும் நிலத்தின் இசையும்

திரைப்படப் பின்னணி இசையை இலக்கியவாணர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. காட்சிக்குப் பின்னே ஒலித்து அடங்குவதுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் மேலைநாட்டுச் சாகசப் படங்களிலும் மாயக்காப்பியப் படங்களிலும் கதை சொல்லும் பொறுப்பில் பாதியை அவ்விசையே சுமக்கிறது. ஒரே வேரிலிருந்து எழுந்து இருவகையாகக் கிளைத்த அதன் வரலாறு கவிஞர்களுக்கும் உரியதே.

வேர், ஜெர்மானிய இசைநாடக ஆசிரியர் ரிச்சர்ட் வாக்னர். 1876இல் பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறிய ‘நிபெலுங்கின் மோதிரம்’ என்னும் நான்கு நாடகத் தொடரில் மாந்தர்க்கும் பொருள்களுக்கும் உணர்வுகளுக்கும் தனித்தனிச் சிற்றிசைகளை அடையாளமாக்கினார். இதனைக் குறியிசை எனலாம். நெடுங்கவிதையில் மீண்டும் மீண்டும் வரும் படிமத்தின் வேலையை அது செய்கிறது.

இம்முறையை ஹாலிவுட்டில் வேரூன்றச் செய்தோருள் ஒருவர் எரிக் வோல்ஃப்காங் கோர்ன்கோல்ட். 1897இல் பிறந்து, சிறுவயதிலேயே வியன்னாவில் மேதை எனப் போற்றப்பட்ட யூதர். 1938 பிப்ரவரியில் ‘ராபின் ஹூட்டின் சாகசங்கள்’ படத்தைப் பார்த்தவர், தாம் இதயத்தின் இசைஞர், வாட்போரும் துரத்தலும் தமக்கு உரியவை அல்ல என்று மறுத்துவிட்டார். ஆஸ்திரியாவை ஹிட்லர் நெருக்கிய செய்தி அந்நாள்களில்தான் வந்தது. இசைந்தார். மார்ச்சில் ஆஸ்திரியா நாஜிகள் வசமாயிற்று. வியன்னாவில் அவர் வீடு பறிபோயிற்று. அப்படமே தம் உயிரைக் காத்தது என்று பின்னாளில் அவர் கருதினார்.

1919இல் கச்சேரி மேடைக்கென இயற்றிய ‘சுர்சும் கோர்டா’வின் பகுதிகள் ராபினின் இசையாக மறுபிறவி எடுத்தன. ராபின் தாவினால் ஊதுகருவிகளும் தாவுகின்றன. நாடிழந்துகொண்டிருந்த ஒருவர் இத்துணை மகிழ்ச்சியை எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பே. அவ்விசை ஆஸ்கார் விருது பெற்றது.

பின்னர் பெரிய சேர்ந்திசைக்கு ஹாலிவுட்டில் மதிப்புக் குறைந்தது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்காக ஜான் வில்லியம்ஸ், லண்டன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு அம்மரபை மீட்டார். அதன் முகப்பிசையில் கோர்ன்கோல்டின் ‘கிங்ஸ் ரோ’ (1942) சாயலைப் பலரும் கேட்டுள்ளனர். இங்கும் குறியிசைகள் பெரும்பாலும் மாந்தரையே பின்தொடர்கின்றன. தலைவன் வந்தால் அவன் இசை வரும். சாகசத்தின் இயல்பு அது.

ஹோவர்ட் ஷோர் வேறு வழி சென்றார். ‘மோதிரங்களின் தலைவன்’ முப்படங்களில் (2001–2003) எண்பதுக்கும் மேற்பட்ட குறியிசைகள் உள்ளன. அவற்றுள் மிகுதியும் நிலத்துக்கும் இனத்துக்கும் உரியவை. ஷயர் என்னும் நிலப்பகுதிக்குத் தகரக்குழல்; குதிரை மறவரின் ரோஹனுக்கு நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடில். வில் தொடும் தந்திகளுக்கு அடியில், தாமாகவே அதிரும் வேறு தந்திகள் அதில் உண்டு. சாருமானின் ஐசென்கார்டுக்கோ ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் இரும்பு அறைபடும் ஓசை. திணைதோறும் பறையையும் யாழையும் கருப்பொருளாக வகுத்த இலக்கணம் பயின்ற நமக்கு இது அந்நியமன்று. (ஷோர் அதனை அறிந்திருந்தார் என்று நான் கூறவரவில்லை.) போர்க்காட்சிகளில் பாடகர் குழுவின் முழக்கம் சிலவிடத்து மிகையாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனினும் மூன்றாம் படத்தின் இறுதியில், ஊர் மீண்ட நால்வருக்காக அதே ஷயரின் இசை திரும்பி வருமிடத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் தகரக்குழலில் விளையாட்டாய் ஒலித்த மெட்டு, இப்போது புல்லாங்குழலில் மெல்ல, முதிர்ந்து, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது.