ஆச்சியின் திரை – அத்தியாயம் 6: சேலத்துப் படத்தில் ஒரு நாயகி

சென்ற வாரம் மனோரமாவை 1963-ஆம் ஆண்டில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் விட்டிருந்தோம். படத்தின் பெயர் 'கொஞ்சும் குமரி'. அவருக்கு வந்திருப்பது கதாநாயகி வேடம். ஐந்து ஆண்டுகளாகச் சிரிப்புப் பாத்திரங்களிலேயே வந்துகொண்டிருந்த பெண்ணை முதன்முறையாகப் படத்தின் நடுவே நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த வாசலுக்கு வருவதற்கு முன்பே, இதற்கு நேர் எதிரான ஒரு புத்திமதியை அவர் கேட்டிருந்தார். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, கவிஞர் கண்ணதாசன்.

கண்ணதாசன் பேச்சை மீறி அவர் உள்ளே போனாரா?

அதற்குள் போகுமுன், தருமபுரி வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேலத்து ஸ்டுடியோவின் கதை நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. 'கொஞ்சும் குமரி' வந்த வருஷத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் எல்லாமே சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம். சென்னை என்பது அன்றைக்குப் பெயராக மட்டும் கேட்ட ஊர். நம் பக்கத்து மக்களுக்குச் சினிமா பிறக்கிற இடம் என்றால் ஏற்காடு மலையடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ்தான். ஆக, மனோரமா முதன்முதலாக நாயகியானது நம் மாவட்டத்துக்குள்ளேயே நடந்த சங்கதி. அந்த உரிமையோடுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

*

கண்ணதாசன் சொன்னது என்ன?

மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தா, பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறி மனோரமாவானதை முந்தைய வாரங்களில் பார்த்தோம். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில், மு.கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் பேர் வாங்கியதையும் பார்த்தோம். சினிமா மட்டும் அவரை இரண்டு முறை வாசல்வரை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது. 'இன்ப வாழ்வு' பாதியில் நின்றது. கண்ணதாசன் கூப்பிட்ட 'ஊமையன் கோட்டை'யும் நின்றது. மேடையில் கைதட்டல் வாங்கிய பெண்ணுக்குத் திரையில் ஒரு சட்டம்கூட ஓடவில்லை.

மூன்றாவது அழைப்பும் கண்ணதாசனிடமிருந்தே வந்தது. 1958-இல் வெளிவந்த 'மாலையிட்ட மங்கை'. டி.ஆர்.மகாலிங்கத்துக்கு மறுவாழ்வு தந்த படம். இதில் மனோரமாவுக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் நாயகியாக நின்றவரைத் திரையில் சிரிப்புக்கு அனுப்பினால் மனம் வாடாதா? வாடியிருக்கும். அப்போதுதான் கவிஞர் ஒரு கணக்குச் சொன்னார். மனோரமாவே பிற்காலப் பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்த கணக்கு அது: கதாநாயகி என்றால் சில வருஷங்களோடு முடிந்துவிடும், நகைச்சுவைக்கு வந்தால் கடைசிவரை நிலைக்கலாம்.

கண்ணதாசனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசிக்கலாம். அவர் சினிமாவின் உள்கட்டைப் பார்த்த இடங்களில் ஒன்று சேலம். இளமையில் இதே மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர். நாயகிகள் வருவதையும் போவதையும் கிட்டத்தில் நின்று கண்டவர். கல்யாணம் ஆனால் நாயகி போய்விடுவாள். முகம் முற்றினால் போய்விடுவாள். அடுத்த புதுமுகம் வந்தாலும் போய்விடுவாள். சிரிக்க வைக்கிறவளுக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. வயது கூடினால் வேடம் மாறும், அவ்வளவுதான்.

அப்படிச் சொன்ன கவிஞர் உலவிய அதே ஸ்டுடியோவிலிருந்து, ஐந்து வருஷம் கழித்து, நாயகி வாய்ப்பு வருகிறது. விதியின் இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

*

மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்துக்குப் போய் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர். திரும்பி வந்து படம் எடுத்தபோதும், நூற்பாலை முதலாளியின் ஒழுங்கு அவரை விட்டுப் போகவில்லை. நடிகர்களும் எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் ஒரே வளாகத்தில், நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக வேண்டும். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கிருந்துதான் வந்தது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்தது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம். பெரிய பெயர்களை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் இத்தனை எடுத்திருக்க முடியாது. கதையும் வேகமும் இருந்தால் போதும், முகத்தை நாம் உருவாக்கிக்கொள்ளலாம் என்ற துணிச்சல் அங்கே இருந்தது.

'கொஞ்சும் குமரி'யின் நடிகர் தேர்வில் அந்தத் துணிச்சல் அப்பட்டமாகத் தெரிகிறது. இயக்கம் ஜி.விஸ்வநாதன். நாயகன் ஆர்.எஸ்.மனோகர். ஊர் முழுக்க வில்லனாகப் பார்த்துப் பழகிய முகம். நாயகி மனோரமா. ஊர் முழுக்கச் சிரிப்புக்காரியாகப் பார்த்துப் பழகிய முகம். வில்லனையும் சிரிப்புக்காரியையும் ஜோடி சேர்த்து ஒரு முழுப் படம்! இன்றைக்கும் இந்தத் தைரியம் எத்தனை கம்பெனிகளுக்கு வரும் என்று தெரியவில்லை. இன்னொரு வியப்பும் இந்தப் படத்தில் இருக்கிறது. கே.ஜே.யேசுதாஸ் குரல் தமிழ்ப் படத்தில் முதலில் வெளிவந்து ஒலித்தது இதில்தான். 'பொம்மை'க்காக அவர் முன்பே பாடியிருந்தாலும், அந்தப் படம் திரைக்கு வந்தது 1964-இல்.

அதே 1963-இல், ஆகஸ்ட் 30-ஆம் தேதி, சுந்தரம் காலமானார். சேலம் சினிமாவின் பெரிய தூண் சாய்ந்த வருஷமும் மனோரமா நாயகியான வருஷமும் ஒன்றே.

வாசலில் நின்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். அவர் உள்ளே போனார். நாயகியாக நடித்தார். படம் வெளிவந்தது.

பிறகு? அடுத்தடுத்து நாயகி வேடங்கள் வந்து குவிந்தனவா?

*

இல்லை. திரும்பவும் அவர் சிரிப்பு வேடங்களுக்கே வந்தார். பலரும் இதைத் தோல்வி என்ற ஒரு வார்த்தையில் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாயகியாகத் தன்னால் நிற்க முடியும் என்று ஒரு முழுப் படத்தில் காட்டிவிட்டு நகைச்சுவைக்குத் திரும்பியவர் அவர். திரும்பி வந்து அவர் செய்ததைத் தமிழில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் செய்ததில்லை.

முன்னால் இருந்த நகைச்சுவை நடிகைகளை எண்ணிப் பாருங்கள். டி.ஏ.மதுரம் என்றால் உடனே என்.எஸ்.கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். சி.டி.ராஜகாந்தம் என்றால் காளி என்.ரத்தினம். எம்.சரோஜா என்றால் தங்கவேலு. மூவருமே அபாரமான கலைஞர்கள். ஆனாலும் ஜோடியாகவே மக்கள் மனதில் பதிந்தவர்கள். ஜோடி விலகினாலோ மறைந்தாலோ அந்தப் பெண்ணின் சிரிப்புக்கும் பாதி வெளிச்சம் போய்விடும். மனோரமாவுக்கு அப்படி ஒரே ஜோடி என்று யாரும் இல்லை. நாகேஷோடு நடித்தார், சோவோடு நடித்தார், தேங்காய் சீனிவாசனோடும் சுருளிராஜனோடும் நடித்தார். எதிரே நின்றவர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. காட்சியைத் தனியே தூக்கி நிறுத்துகிற தோள் அவருக்கு இருந்தது.

நம் பக்கத்துக் கூத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும். விடிய விடிய நடக்கும் கூத்தில் சிரிப்பு யாருடையது? கட்டியங்காரனுடையது. பெண் வேடம் கட்டுவதும் ஆண்தான். திரௌபதிக்கும் ஆண் குரல், கோமாளிக்கும் ஆண் குரல். கூட்டத்தை மடக்கிப் பேசி, அரசனையே கேலி செய்து, நடுவில் பாடி, நடுவில் ஆடி, கதையை நகர்த்துகிற அந்தக் கட்டியங்காரன் இடத்தில் ஒரு பெண் வந்து நின்றதைத் தருமபுரிச் சனங்கள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து முதன்முறையாகப் பார்த்தார்கள். தரை டிக்கெட்டில், தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள், தங்களைப் போலவே பேசுகிற ஒருத்தி ஆம்பளைகளை வாயடைக்க வைப்பதைக் கண்டு சிரித்தார்கள். சென்னை விமர்சகர்கள் அவரைப் புகழ்ந்து எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

பேச்சு வழக்குகளிலும் அவர் தேர்ச்சி காட்டினார். 1968-இன் 'பொம்மலாட்டம்' படத்தில் வாத்தியாரை அழைத்துச் சென்னைத் தமிழில் அவரே பாடிய பாட்டை இன்றும் திருவிழா மேடைகளில் பாடுகிறார்கள். 1992-இல் 'சின்ன கவுண்ட'ரில் விஜயகாந்தின் அம்மாவாக மேற்கத்திப் பேச்சை எடுத்து வந்தார். 1986-இல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்து தன்னை வளர்த்த தாயைப் பார்த்த பிள்ளை அவர். கண்ணம்மாவிடம் இரக்கம் கோரும் பாவனை ஒரு இடத்திலும் இருக்காது. நிமிர்ந்த தலையும் சரியான நேரத்தில் விழும் சொல்லும்தான் இருக்கும். 1989-இன் 'புதிய பாதை' அவருக்குத் துணை நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. ஆயிரம் படங்களைக் கடந்தவர் என்று கின்னஸ் புத்தகமும் பதிந்துகொண்டது.

*

இந்தத் தொடரைப் படிக்கிற இளம் வாசகர்களில் பெரும்பாலோர் ஆச்சி மனோரமாவைக் கொட்டகையில் பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்டிக்குள்தான் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நம் மலைப்பக்கம் அந்த அலை வந்து சேரப் பல வருஷம் பிடித்தது. வந்த பிறகும் ஊருக்கு ஒரு பஞ்சாயத்து டி.வி.தான். ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படத்துக்குத் தெருவே கூடியது. அந்தப் படங்கள் பெரும்பாலும் பழையவை. பழைய படம் என்றாலே பாதிக்குப் பாதி மனோரமா இருப்பார்! 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. படங்களிலிருந்து நகைச்சுவையை மட்டும் தனியே வெட்டி ஒளிபரப்பும் வழக்கம் வேரூன்றியது. கதாநாயகிகளின் காதல் காட்சிகள் படத்தோடு போய்விட, சிரிப்புக் காட்சிகள் தினந்தோறும் வீட்டுக்குள் வந்தன. சின்னத்திரைத் தொடர்களிலும் அவர் நடித்தார். கண்ணதாசன் 1958-இல் போட்ட கணக்கைத் தொலைக்காட்சி இப்படி மெய்ப்பித்துக் காட்டும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. சொந்தமாகப் பெட்டி வாங்க வழியில்லாத வீடுகளிலும் திரை எரிந்தது. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த முதலமைச்சர் யார்? 'மணிமகுடம்' எழுதிய அதே கருணாநிதி. அவர் வசனத்தை மேடையில் பேசிய இளம்பெண், அரை நூற்றாண்டு கழித்து, அவர் அரசு கொடுத்த பெட்டி வழியாக அரூர்ப் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் வந்து சிரித்தாள். அண்ணா, கருணாநிதி ஆகியோரோடு மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் ஆகியோரோடு திரையிலும் நடித்தவர் அவர். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்த பெருமை வேறு யாருக்கு உண்டு?

இதெல்லாம் பின்னால் வந்தது. நாம் 1963-க்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால், இத்தனையும் நடக்காமலே போயிருக்கக்கூடிய ஒரு காலம் அதற்கு அடுத்தாற்போலக் காத்திருந்தது.

*

1964. 'கொஞ்சும் குமரி' வந்த மறு வருஷம், நாடக உலகத்தைச் சேர்ந்த எஸ்.எம்.ராமநாதனை மனோரமா மணந்தார். மகன் பூபதி பிறந்தான். 1966-இல் அந்த மணவாழ்க்கை முறிந்தது. கைக்குழந்தையோடு, தாயின் துணையோடு, முப்பது வயதைக்கூட எட்டாத ஒரு பெண் தனியே நின்றார். அந்த நாளில் இப்படி நின்ற எத்தனையோ நடிகைகளைச் சினிமா மறந்திருக்கிறது. முகத்தில் சோகம் எழுதியிருக்கும்போது காமிரா முன் நின்று ஊரைச் சிரிக்க வைக்க வேண்டும். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் விடவில்லை.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் ஏ.பி.நாகராஜன், கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் எழுதிப் புகழ்பெற்ற ஒரு தொடர்கதையைப் படமாக்கக் கிளம்பினார். நாதஸ்வரக்காரனாகச் சிவாஜி. நாட்டியக்காரியாகப் பத்மினி. சுற்றி டி.எஸ்.பாலையா, நாகேஷ், இன்னும் ஒரு படை. இவர்களுக்கு நடுவே நாடகக் கொட்டகை ஆட்டக்காரி ஒருத்தி வேண்டும். வெள்ளந்தி, வாயாடி, கெட்டிக்காரி. நாதஸ்வரக்காரனை எதிரே உட்கார வைத்துப் பேசிப் பேசியே அவனைத் திணறடிக்க வேண்டும்.

பாத்திரத்தின் பெயர் ஜில் ஜில் ரமாமணி.

வாய்ப்பு மனோரமாவிடம் வந்தபோது அவர் துள்ளிக் குதிக்கவில்லை. பயந்தார். இத்தனை மலைகளுக்கு நடுவில் நான் எங்கே தெரியப்போகிறேன் என்ற பயம். சிவாஜியின் கண்ணைப் பார்த்து வசனம் பேச வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயம். ஏ.பி.நாகராஜன் விடவில்லை.

படப்பிடிப்பு தொடங்கியது. எதிரே சிவாஜி கணேசன் உட்கார்ந்திருக்கிறார். விளக்குகள் எரிகின்றன. ரமாமணி வாயைத் திறக்க வேண்டும்...

(அடுத்த வாரம் தொடரும்)